சக்கரங்களின் கதை – 17: ஸ்பீடோமீட்டர் இல்லாத கார்களுக்கு வேக வரம்பு

போன அத்தியாயத்தில் வுட் சகோதரர்களை இண்டியனாபொலிஸில் விட்டுவிட்டு வந்தோம். வர்ஜீனியாவில் ஸ்டூவர்ட் என்ற சிற்றூரில் மரம் அறுத்துப் பிழைத்த குடும்பம். 1965இல் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ்-ஃபோர்டு காருக்கு எரிபொருள் நிரப்ப அழைக்கப்பட்டார்கள். இரண்டு நிறுத்தங்களையும் சேர்த்து ஒரு நிமிடத்துக்குள் முடித்தார்கள். கிளார்க் இண்டி 500ஐ வென்றார். அதற்குப் பிறகு ஸ்டாக் கார் உலகில் ஸ்டாப்வாட்ச் இல்லாத அணியே கிடையாது. ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கமாகச் சுற்றி ஓடுவது, ஐந்து நட்டுகளை எந்த வரிசையில் கழற்றுவது, பெட்ரோல் கேனை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்று ஒவ்வொரு அசைவையும் அரிந்து அரிந்து நேரத்தை மிச்சம் பிடித்தார்கள்.

இத்தனை கணக்கும் கார் நின்றுகொண்டிருக்கும் நேரத்தைப் பற்றியதுதான். கார் எவ்வளவு வேகத்தில் வந்து நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் கிளம்பிப் போகிறது என்பது டிரைவரின் பாடு. அதில் சட்டம் எதுவும் இல்லை. ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும், 1948இல் பதிவான நாஸ்கார் நிறுவனம் என்ஜின் கொள்ளளவிலிருந்து கார் எடை வரை எதையெதையோ அளந்தது. பிட் ரோட்டின் வேகத்தை மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அளக்கவேயில்லை.

பிட் ரோடு என்ன மாதிரி இடம் என்று தெரிந்தால்தான் இதன் விபரீதம் புரியும். பந்தயத் தடத்தின் நேர்கோட்டுப் பகுதியை ஒட்டி உள்பக்கமாக ஓடும் ஒற்றைச் சாலை அது. ஓரத்தில் இடுப்பளவுச் சுவர். சுவருக்குப் பின்னால் அணிகள். சுவருக்கு முன்னால், தரையில் பெயின்ட் அடித்த கட்டங்கள். ஒவ்வொரு காருக்கும் ஒரு கட்டம். கார் வந்து நின்றதும் ஆட்கள் சுவரைத் தாண்டிக் குதிப்பார்கள். இடப்பக்க டயர் மாற்றுகிறவருக்குச் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. வலப்பக்க டயரை மாற்றுகிறவர் காரைச் சுற்றிக்கொண்டு ஓடி, போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி, மண்டியிட்டு உட்கார வேண்டும். அவருக்குப் பின்னால் சில அடி தூரத்தில் மற்ற கார்கள் போய்க்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அவை மணிக்கு நூறு மைலுக்கும் மேல் போகும். நம் கணக்கில் 160 கிலோமீட்டர். ஒரு நொடியில் 147 அடி. கார் ஒன்றின் எடை சுமார் 1,600 கிலோ. மண்டியிட்டிருப்பவர் தலையில் ஒரு துணித் தொப்பி, உடம்பில் அணியின் பெயர் தைத்த சட்டை.

சாவு பிட் ரோட்டுக்குப் புதிதல்ல. 1973 இண்டி 500இல் ஸ்வீட் சாவேஜின் கார் நான்காவது திருப்பத்தில் சிதறியபோது, பிட் பகுதியில் இருந்த அர்மாண்டோ டெரான் என்ற இளைஞர் பதறி ஓடினார். எதிர்த்திசையில் விரைந்து வந்த தீயணைப்பு வண்டி அவரை அடித்துப் போட்டது. பந்தயக் கார் அல்ல, காப்பாற்ற வந்த வண்டி. 1975 மே மாதம் டல்லடேகாவில் டிரைவர் ரிச்சர்ட் பெட்டியின் மைத்துனர் ரேண்டி ஓவன்ஸ், அழுத்தம் ஏற்றிய தண்ணீர்த் தொட்டி வெடித்து இறந்தார். 1979இல் அட்லாண்டாவில், பிட் ரோட்டில் ஒரு கார் சுழன்றதில் அணி ஆள் ஒருவர் உயிரிழந்தார். ஒவ்வொரு முறையும் துக்கம் இருந்தது, இரங்கல் இருந்தது. அடுத்த ஞாயிறு பந்தயமும் இருந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தலாமே என்ற பேச்சு எழுந்து சட்டமாகும் அளவுக்கு வலுப்பெறவில்லை. பந்தயம் என்றால் வேகம், பிட் ரோடும் பந்தயத்தின் ஒரு பகுதி என்பதே பொது நினைப்பு.

அதே அட்லாண்டா தடத்தில் 1990 நவம்பர் 18 அன்று பருவத்தின் கடைசிப் பந்தயம். அட்லாண்டா ஜர்னல் 500 என்று பெயர். அன்று எல்லோருடைய கண்ணும் இரண்டு பேர் மீது. டேல் எர்ன்ஹார்ட்டுக்கும் மார்க் மார்ட்டினுக்கும் இடையே ஆறே புள்ளி வித்தியாசம். யார் சாம்பியன் என்பது அன்று முடிவாக வேண்டும். மார்ட்டினுக்கு ஒரு மனக்குறை உண்டு. பிப்ரவரியில் ரிச்மண்டில் அவர் ஜெயித்த பந்தயத்தில், கார்புரேட்டருக்கு அடியில் வைத்திருந்த ஒரு துண்டு விதிப்படி இல்லை என்று 46 புள்ளிகளை வெட்டியிருந்தார்கள். எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்ற தவிப்பில், அவருடைய ரவுஷ் அணி கடைசிப் பந்தயத்துக்காகப் போட்டி அணியான ராபர்ட் யேட்ஸிடமிருந்து ஒரு காரையே இரவல் வாங்கி வந்திருந்தது. கடைசியில் மார்கன் ஷெப்பர்ட் பந்தயத்தை வென்றார். எர்ன்ஹார்ட் மூன்றாவதாக வந்தார், மார்ட்டின் ஆறாவது. மொத்தத்தில் 26 புள்ளி வித்தியாசத்தில் எர்ன்ஹார்ட்டுக்கு நான்காவது சாம்பியன் பட்டம். வெட்டப்பட்ட 46ஐயும் 26ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நாஸ்கார் ரசிகர்கள் இன்றும் சண்டை போடுவார்கள்.

நம் கதைக்கு அந்தப் பட்டம் முக்கியமில்லை. பந்தயத்தின் பிற்பகுதியில் மஞ்சள் கொடி விழுந்தது. தடத்தில் ஏதோ விபத்து, எல்லோரும் மெதுவாகப் போங்கள் என்று பொருள். தடத்தில் மெதுவாகப் போகும்போது பிட்டுக்குள் வந்து போனால் நஷ்டம் குறைவு. அதனால் மஞ்சள் விழுந்ததும் கூட்டமாக உள்ளே பாய்வது வழக்கம். பில் எலியட்டின் 9ஆம் எண் ஃபோர்டு அதன் கட்டத்தில் வந்து நின்றது. எலியட் ஜார்ஜியாக்காரர், பக்கத்து டாசன்வில்தான் ஊர். 1987இல் டல்லடேகா தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் ஓட்டி யாரும் தொடாத சாதனை படைத்தவர். சொந்த மாநிலப் பந்தயம். அவருடைய அணியில் பின் டயர் மாற்றுபவர் மைக் ரிச். அவர் வலப் பின்சக்கரத்தருகே மண்டியிட்டிருந்தார்.

அப்போது ரிக்கி ரட் தன் 5ஆம் எண் செவர்லேயில் உள்ளே வந்தார். முன்னால் போன கார்கள் வேகம் குறைத்தன. ரட் பிரேக்கை அழுத்தினார். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. பின்சக்கரம் பூட்டிய கார் என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்தது: சுழன்றது. சுழன்றபடியே எலியட் காரின் வலப்புறம் வந்து மோதியது. இரண்டு கார்களுக்கும் நடுவே மைக் ரிச் இருந்தார். சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இறந்தார்.

ரட் மீது தப்புச் சொல்ல இடமில்லை. அன்று பிட் ரோட்டில் நுழைந்த ஒவ்வொருவரும் அவரைப் போலத்தான் வந்தார்கள். எல்லோரும் வேகமாக வரும்போது ஒருவர் மட்டும் மெதுவாக வந்தால் இடம் போகும். ஸ்பான்சர் கேட்பார், முதலாளி கேட்பார். நிதானமாக வருவது என்ற வாய்ப்பையே போட்டி எடுத்துவிட்டிருந்தது. அதை டிரைவர்கள் தாங்களாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. விதி போடுகிறவர்தான் கொண்டுவர முடியும்.

விதி போடுகிறவர் அப்போது பில் ஃபிரான்ஸ் ஜூனியர், நாஸ்காரை நிறுவியவரின் மகன். குளிர்கால இடைவெளியில் நாஸ்கார் யோசித்தது. யோசித்து முதலில் கொண்டுவந்தது வேக வரம்பு அல்ல என்பதுதான் வேடிக்கை. 1991 பருவம் தொடங்கியபோது, மஞ்சள் கொடி நேரத்தில் டயர் மாற்றக் கூடாது என்றார்கள். மஞ்சளின்போதுதானே கூட்டம் சேருகிறது. டயர் மாற்ற முடியாதென்றால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் ஆபத்து வராது. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

தடத்தில் அது நொண்டியது. மஞ்சளில் பந்தயமே மெதுவாக நகர்கிறது; பந்தயம் ஓடும் பச்சைக் கொடி நேரத்தில்தான் கார் முழு வேகத்திலிருந்து திடீரென்று பிட் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாதுகாப்பான நேரத்தில் வேலையைத் தடுத்து, ஆபத்தான நேரத்துக்கு அதைத் தள்ளிய விதி அது. டிரைவர்களுக்கும் பிடிக்கவில்லை, பார்க்கிறவர்களுக்கும் பிடிக்கவில்லை. பிப்ரவரியில் எர்னி இர்வன் வென்ற டேடோனா 500 இந்த விதியின் கீழ்தான் நடந்தது. கார்களை ஒற்றை, இரட்டை என்று இரண்டாகப் பிரித்து, ஒரு சுற்றில் ஒற்றைக்காரர்கள், மறு சுற்றில் இரட்டைக்காரர்கள் என்று பிட்டுக்குள் விடும் ஏற்பாடும் அந்த ஆண்டு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. இந்தச் சுற்றுவழிகளுக்கு நடுவேதான், 1991இலேயே, கடைசியாக நேர்வழிக்கு வந்தார்கள்: பிட் ரோட்டில் இந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

மற்ற ஏற்பாடுகள் எல்லாம் மறைந்து இது மட்டும் தங்கியதற்குக் காரணம் இருக்கிறது. மற்றவை யார் எப்போது வரலாம் என்று வரிசை கட்டின. இது மட்டும்தான் ஆளைக் கொல்வது எதுவோ அதன் மீது கை வைத்தது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவது. 100 மைலிலிருந்து 45 மைலுக்கு இறங்கினால் அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 45 மைலில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டாலும் டிரைவர் காரைப் பிடித்து நிறுத்திவிடலாம்.

வரம்பு எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. மார்ட்டின்ஸ்வில், பிரிஸ்டல் போன்ற அரை மைல் தடங்களில் இடம் நெருக்கம். அங்கே 30 மைல். ஒன்றரை மைல் தடங்களில் பொதுவாக 45. டேடோனா, இண்டியனாபொலிஸ் போன்ற பெரிய தடங்களில் 55. தடத்தில் 200 மைலை ஒட்டிப் பறந்தவருக்கு 55 என்பது நடப்பது மாதிரித்தான் தோன்றும் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

இங்கே ஒரு சிக்கல். ஸ்டாக் காரில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. அந்தப் பெயர் கடையில் விற்கும் காரைக் குறிக்க வந்தது. ஆனால் கடைக்காரில் இருக்கும் வேகமுள் இதில் இல்லை. பந்தயத்தில் மற்றவரை முந்துவதுதான் வேலை, எண்ணைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? டிரைவர் முன்னால் இருப்பது ஆர்.பி.எம். மீட்டர், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டுவது. வேக வரம்பு வந்ததும் ஒவ்வொரு அணியும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தது. இந்தத் தடத்துக்கு என்ன பின் அச்சு விகிதம் போட்டிருக்கிறோம், இரண்டாவது கியரின் விகிதம் என்ன, டயர் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் உருளும், சூடேறினால் எவ்வளவு உப்பும்; இதையெல்லாம் பெருக்கி வகுத்து, இரண்டாவது கியரில் இத்தனை ஆர்.பி.எம். வைத்தால் இங்கே வரம்பைத் தொடும் என்று டிரைவருக்கு ஒரு எண் கொடுப்பார்கள். எண் ஊருக்கு ஊர் மாறும். பந்தயத்துக்கு முன், கொடி விழாமல் வரிசையாகச் சுற்றிவரும் சுற்றுகளில், முன்னே போகும் பேஸ் கார் பிட் ரோடு வேகத்தைப் பிடித்துக் காட்டும். பின்னால் வருகிற அத்தனை பேரும் அப்போது தங்கள் மீட்டரைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வார்கள். தொலைக்காட்சியில் அது வெறும் ஊர்வலம் போலத் தெரியும்.

ஃபார்முலா ஒன் வேறு வழியில் போனது. 1994 இமோலா என்றதும் எல்லோருக்கும் அங்கே உயிரிழந்த அயர்டன் சென்னாவும் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் நினைவுக்கு வருவார்கள். அதே பந்தயத்தில் மிக்கேலே அல்போரெட்டோவின் மினார்டி பிட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு சக்கரம் கழன்று உருண்டு மெக்கானிக்குகளைக் காயப்படுத்தியதும் நடந்தது. அந்த ஆண்டிலேயே அங்கும் பிட் வேக வரம்பு வந்துவிட்டது. ஆனால் ஃபார்முலா ஒன் காரில் ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கணினி என்ஜினை வரம்புக்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். டிரைவர் நிம்மதியாகக் கட்டத்தைத் தேடலாம்.

இரண்டு உலகத்தையும் பார்த்த தமிழர் ஒருவர் உண்டு. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். 2010 மார்ச்சில் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் களமிறங்கினார். நாஸ்கார் தேசியத் தொடர் ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். முதல் பந்தயத்திலேயே 13ஆம் இடம். அந்த ஆண்டு டிரக் தொடரின் ‘மிகப் பிரபலமான ஓட்டுநர்’ விருதும் அவருக்கே. ரசிகர் வாக்கில் கிடைக்கும் விருது, அதனால் இங்கிருந்து எத்தனை பேர் வாக்களித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். பொத்தான் பழகிய விரலோடு, 30 மைலை ஆர்.பி.எம். முள்ளில் தேட வேண்டிய தடத்தில் போய் அவர் நாஸ்காரைத் தொடங்கியது தற்செயல்தான்.

நாஸ்காருக்குத் திரும்புவோம். காரில் வேகமுள் இல்லை. சரி, அதிகாரிகள் எப்படி அளந்தார்கள்? கையில் ஸ்டாப்வாட்சோடு. பிட் ரோட்டில் கோடு போட்டிருப்பார்கள். ஒரு கோட்டைக் கார் தொடும்போது அழுத்தி, அடுத்த கோட்டில் மறுபடி அழுத்துவார்கள். தூரம் தெரியும், நேரம் தெரியும், வகுத்தால் வேகம். நாற்பதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது மனிதக் கட்டைவிரல் எவ்வளவு துல்லியமாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்டனை வாங்கிய ஒவ்வொருவரும் கைக்கடிகாரம்தான் தப்பு என்றார்கள். அதை மறுக்க அதிகாரிகளிடமும் வலுவான ஆதாரம் கிடையாது.

வேகத்தில் மிச்சம் பிடிக்க முடியாது என்றானதும் அணிகள் பழையபடி ஆட்களிடமே திரும்பின. அதுவரை பிட்டில் வேலை செய்தவர்கள் வாரம் முழுவதும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சுவர் தாண்டிய மெக்கானிக்குகள். தொண்ணூறுகளில் டிரைவர் ஜெஃப் கார்டனின் தலைமை மெக்கானிக் ரே எவர்னம், ஸ்டான்ஃபோர்டில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஆண்டி பாபதனாசியு என்பவரைப் பயிற்சியாளராக அமர்த்தினார். ஓட்டம், எடைப் பயிற்சி, வீடியோ பார்த்துத் திருத்தம். ‘ரெயின்போ வாரியர்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த அணியைப் பார்த்து மற்றவர்களும் கல்லூரி விளையாட்டு வீரர்களைத் தேடிப் போனார்கள். பிட் வரம்பு இல்லாமல் போயிருந்தால் இது நடந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வேகமாக நடந்திருக்காது. தலைக்கவசம் மட்டும் தாமதித்தது. சுவர் தாண்டும் எல்லோருக்கும் அது கட்டாயமானது 2002இல். மைக் ரிச் இறந்து பதினொரு பருவங்கள் கழித்து.

தடத்தின் மீது அதே நிதானம் வர இன்னும் ஓராண்டு ஆனது. மஞ்சள் கொடி விழுந்த பிறகும் கோட்டைத் தொடும்வரை முழு வேகத்தில் பந்தயம் ஓட்டலாம் என்ற வழக்கம் 2003 செப்டம்பர் வரை இருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரெட்டின் அடிபட்ட கார் தடத்தின் நடுவே நிற்க, கோட்டை நோக்கிப் பாய்ந்து வந்தவர்கள் அவரை மயிரிழையில் தவிர்த்துப் போனதைப் பார்த்த பிறகுதான், கொடி விழுந்த கணத்தில் இருந்த வரிசையே வரிசை என்று அறிவித்தார்கள். மண்டியிட்டிருப்பவரைக் காப்பாற்ற 1991இல் வந்த ஞானம், தடத்தில் நின்றுபோன காருக்குள் இருப்பவரைக் காப்பாற்ற 2003வரை காத்திருந்தது.

2005இல் ஸ்டாப்வாட்ச் ஓய்வு பெற்றது. பிட் ரோட்டுக்கு அடியில் கம்பிச் சுற்றுகள் பதித்து, ஒவ்வொரு காரிலும் உள்ள டிரான்ஸ்பாண்டர் அவற்றைக் கடக்கும் நேரத்தைக் கணினி குறித்துக்கொள்ளும்படி செய்தார்கள். வரம்புக்கு மேல் ஐந்து மைல் வரை பொறுத்துக்கொள்வோம், அதற்கு மேல் தசமப் புள்ளி போனாலும் தண்டனை என்றார்கள். பச்சைக் கொடியின்போது தண்டனை என்றால், மறுபடி பிட் ரோட்டுக்குள் வந்து, சட்ட வேகத்தில், நிற்காமல் முழுத் தூரமும் கடந்து போக வேண்டும். மஞ்சளின்போது என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

அணிகளின் மூளை இதற்குப் பிறகுதான் கூர்மையானது. ஐந்து மைல் பொறுத்தருளல் என்றால் 55 என்பது உண்மையில் 59.9. யாரும் 55இல் ஓட்டவில்லை. ஒரு மைல்கூட விட்டுக்கொடுக்க முடியாது. 1,500 அடி நீளப் பிட் ரோடு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 58 மைலில் போகிறவருக்கும் 59 மைலில் போகிறவருக்கும் சுமார் 0.3 நொடி வித்தியாசம். 200 மைலில் ஓடும் தடத்தில் அந்த 0.3 நொடி 88 அடி. ஐந்து கார் நீளம்.

இன்னொரு ஓட்டையும் கண்டுபிடித்தார்கள். கம்பிச் சுற்றுகள் ஒரு புள்ளியில் வேகத்தை அளப்பதில்லை. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே உள்ள சராசரியைத்தான் அளக்கின்றன. இரண்டு டோல்கேட்டுக்கு நடுவே பறந்துவிட்டு, நடுவில் இறங்கி டீ குடித்தவனைச் சராசரி வேகம் பிடிக்காது அல்லவா? பிட் ரோட்டில் டீக்குப் பதில் டயர். 150 அடித் துண்டு ஒன்றில் உங்கள் கட்டம் இருக்கிறது என்று கொள்வோம். 60 மைலில் அந்தத் துண்டைக் கடக்க 1.7 நொடி. நின்று டயர் மாற்ற 13 நொடி. மொத்தத்தில் சராசரி மணிக்கு ஏழு மைல்தான் வரும். அந்தத் துண்டுக்குள் கட்டத்தை நோக்கிப் பாயலாம், கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கலாம். அடுத்த கம்பிச் சுற்றைத் தொடும் முன் தணிந்துவிட்டால் போதும். கணினிக்கு ஒன்றும் தெரியாது.

இதனால் எந்தக் கட்டம் யாருக்கு என்பது பெரிய விஷயமானது. தகுதிச் சுற்றில் முந்தியவர் முதலில் தேர்ந்தெடுக்கலாம். வெளியேறும் வாசலுக்கு அருகே உள்ள முதல் கட்டம் எப்போதும் மதிப்பானதுதான். இப்போது கம்பிச் சுற்று எங்கே இருக்கிறது, நம் கட்டத்துக்கு முன்னே எத்தனை அடி, பின்னே எத்தனை அடி என்று அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். தலைமை மெக்கானிக்குகள் பிட் ரோட்டில் நடந்து அடி எண்ணிக்கொண்டிருக்கும் காட்சி வழக்கமானது. சட்டத்தை மீறுகிறார்களா என்றால் இல்லை. ஆனால் எந்த இடத்தில் ஆட்கள் சுவர் தாண்டி நிற்கிறார்களோ, அந்த இடத்தில்தான் கார்கள் அதிக வேகத்தில் வந்தன. 1991இல் எதற்காக இந்த விதி வந்ததோ அதற்கு நேர் எதிராக.

இந்தத் தசமப் புள்ளி யுகத்தின் பெரிய பலி, 2009 ஜூலை 26, இண்டியனாபொலிஸ். பிரிக்யார்டு 400. கொலம்பியாக்காரர் ஹுவான் பாப்லோ மோன்டோயா 160 சுற்றுகளில் 116ஐ முன்னணியில் ஓட்டியிருந்தார். 2000இல் இதே தடத்தில் இண்டி 500ஐ வென்றவர்; இதையும் வென்றால் இரண்டையும் வென்ற முதல் ஆள் என்ற பெயர் அவருக்கு. கடைசி நிறுத்தங்களில் ஒன்றில் உள்ளே வந்து போனார். சிறிது நேரத்தில் ரேடியோவில் தண்டனைச் செய்தி. வரம்பு 55, பொறுத்துக்கொள்வது 60வரை. கணினி காட்டியது ஒரு துண்டில் 60.06, இன்னொன்றில் 60.11. வரம்பைத் தாண்டியது நொடிக்கு மூன்று சென்டிமீட்டர், ஐந்து சென்டிமீட்டர் கணக்கில். தான் வேகமாகப் போகவில்லை என்று மனைவி பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். பயனில்லை. பிட் ரோட்டை ஒரு முறை மெதுவாகக் கடந்து வெளியே வந்தபோது பந்தயம் கைவிட்டுப் போயிருந்தது. 11ஆவதாக முடித்தார். ஜிம்மி ஜான்சன் வென்றார். அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தவர் மார்க் மார்ட்டின், வயது ஐம்பது. அவர் அன்று ஓட்டியது ஹெண்ட்ரிக் அணியின் 5ஆம் எண் செவர்லே. அட்லாண்டாவில் ரட் ஓட்டியதும் அதே அணி, அதே எண்.

மோன்டோயாவுக்கு அன்று ஆதரவாகப் பேசியவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐந்து மைல் சலுகையைக் கொடுத்த பிறகும் அதன் விளிம்பில் போய் நிற்பது அணியின் தேர்வு. 59.5இல் வந்திருந்தால் இழந்திருப்பது நொடியின் சிறு பின்னம். அவருக்கோ அப்போது சில நொடிகள் முன்னிலை இருந்தது. யாரும் துரத்தாத நேரத்தில்கூட விளிம்பை விட்டு இறங்கி வராத பழக்கம்தான் அவரைக் கெடுத்தது.

அதன் பிறகு நாஸ்கார் கண்களைக் கூட்டிக்கொண்டே போனது. 2015இல் பிட் ரோட்டில் ஒவ்வொரு காருக்கும் முன்னால் நின்ற அதிகாரிகளைக் குறைத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட கேமராக்களை வைத்தார்கள். ஒரு வண்டிக்குள் சிலர் உட்கார்ந்து திரையைப் பார்த்துத் தவறுகளைப் பிடிப்பார்கள். 2016இல் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். துண்டுகள் சிறுத்தன; நடுவே பாய்ந்து தணிகிற இடம் சுருங்கியது. அந்தப் பருவத்தில் வேகத் தண்டனைகள் குவிந்தன. வெற்றி வாய்ப்பில் இருந்த பெரிய பெயர்களெல்லாம் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்கள். அதுவரை எவ்வளவு களவாடியிருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பொத்தான் மட்டும் இன்றுவரை வரவில்லை. கார்புரேட்டர் இருந்த காலத்தில் அதற்கு வழியில்லை என்று சொல்லலாம். 2012இல் நாஸ்காரின் முதல்நிலைத் தொடருக்கு எலக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. அதன் கணினியைச் செய்து கொடுத்ததே மெக்லாரன் நிறுவனம். அப்போது ஃபார்முலா ஒன் கார்கள் எல்லாவற்றிலும் இருந்த கணினியும் அவர்களுடையதுதான். பிட் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது அதற்கு ஒரு வேலையே அல்ல. நாஸ்கார் வேண்டாம் என்றது. வேகத்தைக் கையால் பிடிப்பது டிரைவரின் திறமை, அது போட்டியின் பகுதி என்பது அவர்கள் கட்சி. அதனால் இன்றும் டேஷ்போர்டில் விளக்குகள்தான். ஆர்.பி.எம்.முக்கு ஏற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக எரியும்படி அணிகள் அமைத்துக் கொடுக்கும். சிவப்பு எரியாமல், அதற்கு முந்தின விளக்கிலேயே காரை நிறுத்திக்கொண்டு வர வேண்டும்.

பார்க்கிறவர்களுக்கு இது சுவாரசியம், சந்தேகமில்லை. கடைசிப் பத்து சுற்றில் ஒரு தண்டனை விழுந்தால் பந்தயமே தலைகீழாகிறது. என்றாலும் எனக்கு ஒரு நெருடல். பிட் ரோட்டுக்குள் நுழையும் டிரைவரின் கண் இருக்க வேண்டிய இடம் சாலை. பக்கத்துக் கட்டத்திலிருந்து டயரை உருட்டிக்கொண்டு யாராவது குறுக்கே வருகிறார்களா என்பதில். அந்த நேரத்தில் அவர் கண்ணை டேஷ்போர்டு விளக்கில் ஒட்டவைப்பது இப்போதைய ஏற்பாடு. திறமையைச் சோதிக்க முழுத் தடமும் இருக்கிறது. சுவருக்கு வெளியே ஆட்கள் மண்டியிட்டிருக்கும் அந்தச் சில நூறு அடியை அதற்குப் பயன்படுத்த வேண்டுமா? நாஸ்கார் இதுவரை ஆம் என்றே சொல்லிவருகிறது.

2022இல் வந்த ‘நெக்ஸ்ட் ஜென்’ காரில் சக்கரத்துக்கு ஐந்து நட்டு போய் ஒரே நட்டு ஆனது. டயர் மாற்றும் நேரம் சட்டென்று சுருங்க, பெட்ரோல் ஊற்றுபவர்தான் இப்போது எல்லோரையும் காக்கவைக்கிறார். எழுபது ஆண்டு பழகிய ஐந்து நட்டுகளை விட அணிகள் ஏன் அத்தனை தயங்கின, முதல் சில மாதங்களில் எத்தனை சக்கரங்கள் தனியே கழன்று ஓடின என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)